அச்சாணியாய் விளங்கிய ஆச்சி

தேர்த் திருவிழாவில் கூடியிருக்கும் மக்கள் அனைவரும் அண்ணாந்து பார்ப்பது தேரின் கலசத்தைத்தான். சக்கரத்தின் நடுவே மறைந்திருக்கும் அச்சாணியைக் குனிந்து பார்ப்பவர் எவருமில்லை. ஆயினும் அது கழன்றுவிட்டால் தேர் ஓர் அடியும் நகராது என்பதை நாம் அறிவோம். நாடகமும் திரைப்படமும் இத்தகைய தேர்களே. கதாநாயகனும் கதாநாயகியும் கலசங்கள். சுவரொட்டிகளில் அவர்கள் முகங்களே பெரிதாக விளங்கும். ஆனால் கதையைத் தாங்கி நடத்திச் செல்பவர்களில் பலர் சுவரொட்டியின் ஓரத்தில் சிறு உருவமாக நிற்பவர்கள்தாம்.

அவ்வாறு ஓரத்தில் நின்றே உயர்ந்தவர் ஒருவர் உண்டு. துணை வேடங்களையும் நகைச்சுவை வேடங்களையும் ஏற்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரைப்படங்களில் நடித்து, தமிழ் மக்களால் 'ஆச்சி' என்று அன்போடு அழைக்கப்பட்டவர் நடிகை மனோரமா அவர்கள். 2015ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அவர் மறைந்தார். எனினும் இன்றும் தொலைக்காட்சியில் அவர் நடித்த காட்சி வந்தால் அடுப்படியில் வேலையாக இருக்கும் பாட்டி கூடத்துக்கு வந்து நின்று பார்க்கிறார். புத்தகத்தை மடியில் வைத்திருக்கும் நாமும் நிமிர்ந்து பார்க்கிறோம்.

இந்தக் கட்டுரைக்கு அவரை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளி ஆண்டு விழா நெருங்கினால் வகுப்பில் ஒரே பரபரப்பு. நாடகத்தில் அரசி வேடம் யாருக்கு என்பதே பேச்சு. பணிப்பெண் வேடம் என்றால் முகம் வாடிவிடும். "எனக்கு எத்தனை வசனம்?" என்று எண்ணிப் பார்ப்பவர்களே அதிகம். சிறிய வேடம் என்று ஒன்று உண்டா? இக்கேள்விக்கு மனோரமா அவர்களின் வாழ்க்கையே ஒரு விடை என்று எங்களுக்குத் தோன்றியது.

பள்ளத்தூர் பாப்பா

மனோரமா அவர்களின் இயற்பெயர் கோபிசாந்தா. 1937ஆம் ஆண்டு மே 26ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்து மன்னார்குடியில் பிறந்தார். குடும்பத்தில் ஏற்பட்ட துன்பத்தால், தாயார் ராமாமிர்தம் அம்மாள் சிறு குழந்தையான மகளுடன் ஊரைவிட்டு வர நேர்ந்தது. காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூர் என்னும் செட்டிநாட்டு ஊர் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. பெரிய பெரிய மாளிகைகள் நிறைந்த அந்த ஊரில் வசதி ஏதும் இல்லாத அந்தத் தாய் பாடுபட்டு மகளை வளர்த்தார்.

கோபிசாந்தாவுக்கு இயல்பாகவே நல்ல குரல் இருந்தது. ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே திரும்பப் பாடிவிடுவார். பள்ளியிலும் பாடினார். ஆனால் படிப்பு நீடிக்கவில்லை. தாயார் நோயுற்றபோது பள்ளிப்படிப்பை நடுவிலேயே நிறுத்திவிட்டு, பிறர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சென்றார். தானே குழந்தையாக இருந்த வயதில் இன்னொரு குழந்தையை இடுப்பில் சுமக்கும் நிலை! புத்தகப் பையைத் தூக்கவே சலித்துக்கொள்ளும் நாம் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த நிலையில் நாடகக் குழு ஒன்றுக்குப் பாடத் தெரிந்த பெண் தேவைப்பட்டது. 12 வயதுச் சிறுமி மேடை ஏறினாள். 'பள்ளத்தூர் பாப்பா' என்று சுற்று வட்டாரத்தில் பெயர் பரவிற்று. நாடக இயக்குநர் திருவேங்கடம் என்பவரும், ஆர்மோனியக் கலைஞர் தியாகராஜன் என்பவரும் சேர்ந்து அவருக்கு 'மனோரமா' என்று பெயர் சூட்டினர். மனத்துக்கு இன்பம் தருபவள் என்பது அதன் பொருள். பெயர் வைத்தவர்கள் வாக்குப் பொய்க்கவில்லை.

மேடை என்னும் பள்ளிக்கூடம்

அக்காலத்து நாடக மேடை எப்படி இருந்தது என்பதை அறிந்தால்தான் மனோரமா அவர்களின் திறமை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

புதுக்கோட்டை, காரைக்குடி, மதுரை ஆகிய பகுதிகள் நாடகத்துக்குப் பேர்போனவை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்கள் அங்கே கோயில் திருவிழாக்களில் இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும். இவற்றில் 'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு முறை உண்டு. ஒரே குழுவாகத் தங்கி, நாள்தோறும் ஒத்திகை பார்த்து நடிப்பது 'கம்பெனி' முறை. ஸ்பெஷல் நாடகத்தில் அப்படியில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், பபூன் மற்றோர் ஊரிலிருந்து வருவார். மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பர். ஒத்திகை கிடையாது. எதிரே நிற்பவர் எந்தப் பாட்டைப் பாடினாலும், எந்தக் கேள்வியைக் கேட்டாலும், அந்தக் கணமே பதில் பாடவும் பேசவும் வேண்டும். தடுமாறினால் கூட்டம் விசில் அடித்துவிடும்.

இதைத் தவிர, ஊர் இளைஞர்கள் தாங்களே சேர்ந்து சமூக நாடகம் போடுவதும் அப்போது பெருவழக்கமாக இருந்தது. ஆண் வேடங்களுக்கு ஊரிலேயே ஆள் கிடைக்கும். பெண் வேடத்துக்கு வீட்டுப் பெண்களை யாரும் அனுப்ப மாட்டார்கள். ஆகவே நடிகையை வெளியூரிலிருந்து அழைத்து வருவர். முன்பின் அறியாத ஊரில், முன்பின் அறியாத மனிதர்களோடு, சில நாள்களில் பாடம் செய்த வசனத்தோடு அந்த நடிகை மேடையில் நிற்க வேண்டும். கைதட்டிய அதே ஊர், மறுநாள் காலையில் அவளை மதிப்போடு நடத்தும் என்று சொல்வதற்கில்லை. 'நாடகக்காரி' என்ற சொல்லை ஏளனமாகச் சொன்ன காலம் அது. இத்தகைய சூழ்நிலையில் ஒரு சிறுமி தாயின் துணையோடு ஊர் ஊராகச் சென்று உழைத்து, அந்த ஊதியத்தால் வீட்டைக் காத்தாள் என்றால், அவளது நெஞ்சுரத்தை என்னென்று சொல்வது!

மேடை அவருக்கு மூன்று பாடங்களைக் கற்பித்தது எனலாம். முதலாவது, நினைவாற்றல். பக்கம் பக்கமான அடுக்குமொழி வசனங்களை ஓர் எழுத்தும் பிசகாமல் சொல்ல வேண்டும். இரண்டாவது, குரல். கடைசி வரிசையில் பாயில் அமர்ந்திருப்பவர் காதிலும் சொல் தெளிவாக விழ வேண்டும். மூன்றாவது, எதிர்பாராததைச் சமாளிக்கும் துணிவு. திரை சிக்கிக்கொள்ளும், விளக்கு அணையும், உடன் நடிப்பவர் வசனத்தை மறந்துவிடுவார். அவற்றையெல்லாம் நாடகத்தின் ஒரு பகுதியே போலக் காட்டி நடத்திச் செல்ல வேண்டும்.

பின்னர் எஸ். எஸ். ராஜேந்திரன் அவர்களின் நாடக மன்றத்தில் மனோரமா சேர்ந்தார். மு. கருணாநிதி அவர்கள் எழுதிய 'மணிமகுடம்' முதலிய நாடகங்களில் முக்கிய வேடம் ஏற்றார். அறிஞர் அண்ணாவுடனும் கருணாநிதி அவர்களுடனும் மேடையில் நடிக்கும் வாய்ப்பும் பெற்றார். மேடையில் அவர் கதாநாயகி என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் திரையுலகம் அவருக்கு வேறொரு வாயிலையே திறந்து வைத்தது.

திரையில் முதல் அடி

1958ஆம் ஆண்டு கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' வெளிவந்தது. மனோரமாவின் முதல் படம் அதுவே. அதில் அவருக்குக் கிடைத்தது நகைச்சுவை வேடம். மேடையில் கதாநாயகியாக நின்றவருக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. கதாநாயகியாக நடித்தால் சில ஆண்டுகள்தாம் நிலைக்க முடியும், நகைச்சுவை நடிகையானால் நெடுங்காலம் நிலைக்கலாம் என்று கண்ணதாசன் எடுத்துச் சொன்னாராம். இதைப் பிற்காலத்தில் மனோரமா அவர்களே நன்றியோடு கூறியிருக்கிறார். கவிஞரின் கணிப்பு எவ்வளவு சரியானது என்பதற்குப் பின்வந்த 50 ஆண்டுகளும் சான்று.

1963இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'கொஞ்சும் குமரி' படத்தில் அவர் கதாநாயகியாகவும் நடித்தார். ஆர். எஸ். மனோகர் கதாநாயகன். எனினும் அந்தப் பாதை நீளவில்லை. அவர் மீண்டும் நகைச்சுவைக்கே திரும்பினார். கிடைக்காததை எண்ணிக் கலங்கி நிற்காமல், கிடைத்ததில் எத்தனை உயரம் போக முடியும் என்று பார்த்தவர் அவர்.

அவருக்கு முன்பும் தமிழ்த் திரையில் சிறந்த நகைச்சுவை நடிகையர் இருந்தனர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனோடு இணைந்து நடித்த டி. ஏ. மதுரம், 1941இல் வெளிவந்த 'சபாபதி' படத்தில் காளி என். ரத்தினத்தோடு நடித்த சி. டி. ராஜகாந்தம், பிறகு டி. பி. முத்துலட்சுமி ஆகியோர் மறக்க முடியாதவர்கள். அந்த வரிசையில் வந்த மனோரமா அதற்கு மேலும் பெருமை சேர்த்தார். நாகேஷ் அவர்களோடு அவர் நடித்த படங்கள் பல. பின்னர் சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று ஒவ்வொரு காலத்து நகைச்சுவை நடிகரோடும் ஈடுகொடுத்தார். உடன் நடித்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தனர். அவர் மட்டும் மாறாமல் நின்றார்.

சிரிக்க வைப்பது எளிதா?

அழுகைக் காட்சியில் நடிப்பதே கடினம், சிரிப்புக் காட்சி எளிது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதற்கு மாறானது.

நகைச்சுவையில் முதலில் வேண்டுவது காலக் கணக்கு. ஒரு வசனத்தை அரை நொடி முந்திச் சொன்னால் புரியாது, அரை நொடி பிந்திச் சொன்னால் சுவைக்காது. மேடையில் இதற்கு ஒரு துணை உண்டு. மக்கள் சிரிப்பொலி நடிகரின் காதில் விழும். அது அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வசனத்தைச் சொல்லலாம். படப்பிடிப்பு அரங்கில் அந்தத் துணை இல்லை. காமிரா ஓடும்போது ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. சுற்றி நிற்கும் தொழிலாளர்கள் சிரிப்பு வந்தாலும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். பல மாதங்கள் கழித்து, எங்கோ ஒரு கொட்டகையில் மக்கள் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்பதை அன்றே மனத்தால் அளந்து நடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இரவுகளில் மக்கள் சிரிப்பை நேரில் கேட்ட காது இருந்தால்தான் இது முடியும். மனோரமாவுக்கு அந்தக் காது இருந்தது.

இரண்டாவதாக, நடிப்பவர் சிரிக்கக் கூடாது. மூக்கு உடைபட்டுத் திண்டாடும் பாத்திரத்துக்குத் தன் துன்பம் உண்மையானது. பார்ப்பவருக்குத்தான் அது வேடிக்கை. 'நான் சிரிப்புக் காட்டுகிறேன் பாருங்கள்' என்று நடிகர் காட்டிக்கொண்டால் சிரிப்பு வராது. மனோரமா கோபப்பட்டால் அந்தக் கோபம் மெய்யாக இருக்கும், அழுதால் அழுகையும் மெய்யாக இருக்கும். அதனால்தான் நமக்குச் சிரிப்பும் வருகிறது, சில வேளைகளில் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீரும் வருகிறது.

மூன்றாவதாக, விட்டுக்கொடுத்தல். ஒருவர் வசனம் பேசும்போது மற்றவர் கேட்டுக்கொண்டு நிற்பதும் நடிப்பே. நாகேஷ் போன்ற மின்னல் வேக நடிகர் எதிரே நிற்கும்போது அவரைத் தடுக்கவும் கூடாது, அவருக்குப் பின்தங்கவும் கூடாது. பந்து விளையாட்டில் பந்தைச் சரியாக எடுத்துக் கொடுப்பவள் இல்லாமல் புள்ளி ஏது?

ஜில் ஜில் ரமாமணி

அவர் ஏற்ற வேடங்களுள் மணிமகுடம் போன்றது 1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் வரும் ஜில் ஜில் ரமாமணி. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய கதையை ஏ. பி. நாகராஜன் படமாக்கினார். நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரமாக நடிகர் திலகம் சிவாஜி கணேசன், நாட்டியத் தாரகை மோகனாம்பாளாகப் பத்மினி. இத்தகைய இமயங்களுக்கு நடுவே சில காட்சிகளே வரும் வேடம் ரமாமணியுடையது. ஆனால் படம் பார்த்தவர் எவரிடம் கேட்டாலும் அந்தப் பெயரை மறவாமல் சொல்வர்.

யார் இந்த ரமாமணி? ஊர் ஊராகச் சென்று ஆடியும் பாடியும் பிழைக்கும் நாடகக்காரி. பளபளக்கும் உடையும் கொஞ்சும் பேச்சுமாக வெளியே ஒரே பகட்டு, உள்ளே ஈர நெஞ்சம். மேடையில் அவளுக்குக் கைதட்டுகிறவர்கள், மேடைக்கு வெளியே அவளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். இந்த வேடத்துக்காக மனோரமா புத்தகம் எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளத்தூர் பாப்பாவாக அவர் நடந்து வந்த பாதைதானே அது! தம்மையொத்த எத்தனையோ நாடகப் பெண்களின் பேச்சையும் நடையையும் பெருமூச்சையும் அவர் ரமாமணிக்குள் வைத்தார் என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

இன்னொன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. சிவாஜி கணேசன் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். டி. எஸ். பாலையா நாடகத்திலிருந்து வந்தவர். இயக்குநர் ஏ. பி. நாகராஜனும் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்றவரே. ஆகவே அந்தப் படம் மேடைக் கலைஞர்கள் ஒன்றுகூடி, மேடைக் கலைஞர்களின் வாழ்க்கையையே சொன்ன படம். அது இன்றும் புதுமை குன்றாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஊருக்கு ஒரு தமிழ்

தமிழ் ஒன்றே என்றாலும் பேச்சில் அது ஊருக்கு ஒரு வண்ணம் காட்டும். 'எங்கே போகிறீர்கள்?' என்பதையே கோவைப் பக்கத்தில் 'எங்கீங்க போறீங்க' என்பார்கள். நெல்லைப் பக்கத்தில் 'எங்க போறீய' என்பார்கள். அக்கிரகாரத்தில் 'எங்கே போறேள்' என்பார்கள். சென்னையில் 'எங்க நைனா போற' என்பார்கள். சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. எங்கே இழுப்பது, எங்கே வெட்டுவது, எந்த வேகத்தில் பேசுவது என்பனவும் மாற வேண்டும். இல்லையேல் அது வேடமாகவே நிற்கும், மனிதராகாது.

மனோரமா அவர்கள் தஞ்சையில் பிறந்து, செட்டிநாட்டில் வளர்ந்து, நாடகத்துக்காக ஊரெல்லாம் சுற்றி, சென்னையில் வாழ்ந்தவர். போன இடமெல்லாம் அந்த ஊர்ப் பேச்சைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டார். 1968இல் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைப் பேச்சிலேயே அமைந்த ஒரு பாடலைத் தம் சொந்தக் குரலில் பாடினார். அந்தப் பாடல் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. 1992இல் வந்த 'சின்னக் கவுண்டர்' படத்தில் எடுப்பான பல்லோடு, கொங்கு நாட்டுக் கிழவியாகவே மாறினார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் இருவரும் ஒருவரே என்று நம்பத் தயங்குவர்.

வேலைக்காரியும் அன்னையும்

1986இல் விசு எழுதி இயக்க, ஏவி. எம். நிறுவனம் தயாரித்த 'சம்சாரம் அது மின்சாரம்' வெளிவந்தது. தந்தைக்கும் மூத்த மகனுக்கும் பணத்தால் மனக்கசப்பு வந்து, வீட்டின் நடுவே கோடு கிழித்துப் பிரிந்து வாழும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதை அது. மனோரமா ஏற்ற வேடம் அந்த வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. பாத்திரம் துலக்கிப் போவதோடு அவள் வேலை முடிந்துவிடவில்லை. அந்தக் குடும்பத்தில் ஒருத்தியாகவே இருந்து, அவர்களுக்காகப் பிறரோடு சண்டையும் போடுகிறாள். சென்னைத் தமிழில் அவள் பொரிந்து தள்ளும் காட்சியைப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற படம் அது. அதில் மறக்க முடியாதவர் அந்த வீட்டு வேலைக்காரி! 'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்பர். இங்கே துரும்பு தூணாகவே நின்றது.

பின்னாளில் அவர் அன்னை வேடங்களில் மிகுதியாக நடித்தார். 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கமல்ஹாசனை வளர்க்கும் தாயாக வந்தார். அதே ஆண்டு வெளிவந்த 'புதிய பாதை' படத்தில் நடித்தமைக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். 2006இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' படத்தில் அரசனின் தாயாக, அரண்மனையில் வீற்றிருந்தார். எத்தனையோ படங்களில் பாத்திரம் துலக்கியவர் கடைசியில் அரசியாகவும் அமர்ந்தார். ஆனால் மக்கள் நெஞ்சில் நிற்பவர்கள் ரமாமணியும் கண்ணம்மாவுந்தாம்.

எங்கள் உள்ளத்தில் எழும் ஒரு கேள்வி

அவருடைய படங்களைப் பார்க்கும்போது ஒன்று எங்களை உறுத்துவதையும் சொல்லத்தான் வேண்டும். கதாநாயகி என்றால் அழகாக இருப்பாள், அவளைப் பற்றிப் பாட்டுப் பாடுவார்கள். நகைச்சுவை நடிகை என்றால் அவள் நிறத்தையும் பல்லையும் உடம்பையும் கேலி செய்வார்கள். ஆண் நகைச்சுவை நடிகருக்கு அறிவும் சாமர்த்தியமும் உள்ள பாத்திரங்கள் கிடைக்கும். பெண்ணுக்குப் பெரும்பாலும் அடிபடும் மனைவி, அசட்டு வேலைக்காரி முதலிய பாத்திரங்களே கிடைக்கும். இவ்வாறு எழுதியவர்கள் எழுதிவிட்டுப் போனார்கள். அந்தக் கேலியைத் தாங்கிக்கொண்டு நடித்தவரோ ஒரு பெண்.

மனோரமா அவர்கள் இதை மேடையேறி எதிர்த்துப் பேசியதாக நாங்கள் சொல்ல வரவில்லை. அவர் வேறொன்று செய்தார். அசட்டுப் பெண் என்று எழுதப்பட்ட பாத்திரத்துக்கும் மானமும் கோபமும் பாசமும் உண்டு என்று நடித்துக் காட்டினார். கேலிக்கென்று நிறுத்தப்பட்டவள் நம் அத்தையைப் போல, நம் தெருவில் பூ விற்கும் அம்மாளைப் போல உயிரோடு நடமாடினாள். பார்த்துச் சிரித்தவர்கள் அவளை மதிக்கவும் தொடங்கினர். அவ்வகையில் அவர் சிறு வேடத்தை மட்டும் உயர்த்தவில்லை. அந்த வேடத்தை உண்மை வாழ்வில் சுமக்கும் பெண்களையும் சற்றே உயர்த்தினார் என்று நாங்கள் கருதுகிறோம்.

உழைப்பும் புகழும்

1958இல் தொடங்கிய அவரது திரைப்பயணம் ஏறத்தாழ 55 ஆண்டுகள் நீடித்தது. 1000 படங்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆண்டுக்கு 18 படங்களுக்கு மேல் வருகிறது. அதாவது சராசரியாக 20 நாளுக்கு ஒரு படம்! காலையில் ஓர் அரங்கில் கிழவி, மாலையில் இன்னோர் அரங்கில் குமரி, இரவில் மேடை நாடகம் என்று ஓயாமல் உழைத்தால் அன்றி இது இயலாது. இந்தச் சாதனைக்காகக் கின்னஸ் புத்தகத்திலும் அவர் பெயர் இடம்பெற்றது. 2002ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

வேறு எவருக்கும் எளிதில் வாய்க்காத பெருமை ஒன்றும் அவருக்கு உண்டு. முதலமைச்சர்களாக விளங்கிய ஐவரோடு நடித்தவர் அவர். அறிஞர் அண்ணாவோடும் மு. கருணாநிதியோடும் மேடையில் நடித்தார். எம். ஜி. ஆரோடும் ஜெ. ஜெயலலிதாவோடும் தமிழ்த் திரையில் நடித்தார். ஆந்திர முதலமைச்சராக இருந்த என். டி. ராமராவோடு தெலுங்குத் திரையில் நடித்தார்.

இத்தனை புகழுக்கும் நடுவே அவர் சொந்த வாழ்க்கை மலர்ப்படுக்கையாக இருக்கவில்லை. திருமண வாழ்க்கை நீடிக்காமற்போக, ஒரே மகனைத் தம் தாயாரின் துணையோடு வளர்த்தார். தம்மை வளர்த்த தாயைக் கடைசிவரை உடன் வைத்துப் போற்றினார். வீட்டில் கண்ணீர் இருந்த நாளிலும் ஊரைச் சிரிக்க வைக்க வேண்டியது அவர் தொழில். அதில் அவர் குறை வைத்ததில்லை.

செட்டிநாட்டில் மதிப்புக்குரிய பெண்களை 'ஆச்சி' என்று அழைப்பது வழக்கம். வசதியில்லாத தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தூருக்கு வந்த சிறுமியை, பிற்காலத்தில் தமிழ்நாடே அந்தப் பெயரால் அழைத்தது. விருதுகள் பல இருக்கலாம். எங்கள் எண்ணத்தில் அவர் பெற்றவற்றுள் பெரியது இதுதான்.

நமக்கு ஒரு பாடம்

அன்புத் தோழியரே! பாடசாலையை நடுவில் விட நேர்ந்த ஒரு சிறுமி, மேடையையே பாடசாலையாக்கிக் கொண்டாள். நமக்கோ பாடசாலை இருக்கிறது, ஆசிரியைகள் இருக்கிறார்கள், புத்தகங்கள் இருக்கின்றன. நாம் எல்லோரும் நடிகையராகப் போவதில்லை. ஆனால் வாழ்க்கையில் நமக்குத் தரப்படும் வேடங்கள் யாவும் அரசி வேடங்களாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவும் வேலை வரலாம், விளையாட்டில் மாற்று ஆட்டக்காரியாக உட்கார வேண்டி வரலாம், வீட்டில் யாரும் கவனிக்காத வேலை நம் தலையில் விழலாம். அப்போதெல்லாம் 'இது சிறிய வேடம்' என்று முகம் வாடாமல், இதை எவ்வளவு நன்றாகச் செய்யலாம் என்று எண்ணுவோமாக.

சிறிய வேடம் உண்டு, அதைப் பெரிதாக்கும் கையும் உண்டு என்று காட்டிச் சென்றவர் ஆச்சி மனோரமா. அடுத்த ஆண்டு விழாவில் பணிப்பெண் வேடத்துக்கு யார் வருகிறீர்கள் என்று ஆசிரியை கேட்கும்போது, இம்முறை பல கைகள் உயரட்டும்!